வாழ்வோரும் வந்துபோவோரும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறுகின்ற பிரயாணி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே காண்கின்ற அந்தச் சிற்றூர், வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கி வாழ்ந்ததனாலேயே இன்றைய உருவத்தைப் பெற்றது என்பதை அதன் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தாலும் உணர்ந்துகொள்வான். சேர்வராயன் மலைத்தொடரின் பூர்வகுடிகளாகக் கருதப்படும் மலையாளிப் பழங்குடி மக்களே, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்று தம் மரபுக் கதைகளில் சொல்லிக்கொள்கிறார்கள். 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பிரான்சில் தோன்றிய புனித கபிரியேல் சபையின் சகோதரர்கள் 1917இல் மான்ஃபோர்ட் பள்ளியை நிறுவினார்கள். குளூனி சபைக் கன்னியர்கள் பெண்களுக்கென்று தனிப் பள்ளி நடத்தினார்கள். இவர்களிற் சிலர் தம் நாடு திரும்பினார்கள், சிலர் திரும்பவேயில்லை.

திரும்பாதவர்களில் இருவர் தமிழருக்குப் பெரிதும் உபகாரம் செய்தவர்கள். ஒருவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தி, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கி, பின்பு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து, ‘தினவர்த்தமானி’ என்ற பத்திரிகையை நடத்தி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றிய அவர், 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். மற்றவர் அவருடைய மருமகரான இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்து, 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டில் மனிதவாசத்தின் பழமையை ஆராய்வதற்கே வழி திறந்துவிட்ட அவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டு வாழ்ந்தார். தம் ஆயுட்காலம் முழுவதும் தேடிச் சேர்த்த கற்கருவிகளையும் மட்கலங்களையும் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பணம் பெற்றுக்கொண்டே கொடுத்தாரெனினும், அத்தொகுப்பு நாட்டைவிட்டு நீங்காமல் இங்கேயே நிலைத்தது. 1912இல் அவர் மறைந்தபின் அவருக்கு நினைவுச்சின்னம் அமைந்ததும் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்திலேதான்.

எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்தின் வாயிலில், இந்தியருக்குப் பதினைந்து ரூபாயும் அயல்நாட்டாருக்கு இருநூற்றைம்பது ரூபாயும் என்ற கட்டண விகிதம் நெடுங்காலம் வழங்கி வந்திருக்கிறது. பெர்சிவலையும் ஃபூட்டையும் போலவே நம்மிடையே வந்து, நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தும், நம் நோயாளிகளைப் பேணியும், நம் மண்ணையும் மொழியையும் ஆராய்ந்தும் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகளாக இங்கேயே வாழ்ந்துவரும் ஓர் அயல்நாட்டார் இன்று அத்தகைய வாயிலொன்றில் வந்து நின்றால், அவரை இவ்விரு கூட்டத்தாரில் எவரோடு சேர்த்து எண்ணுவது? சில நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பற்றிய அற்ப விவகாரம் இது என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு தேசம் தன்னோடு வாழ்கின்றவர்களை எந்த அளவுகோலால் அளக்கின்றது என்ற பிரச்னை இதில் அடங்கியிருப்பதனால், இதை ஆற அமர ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் இந்த இரட்டைக் கட்டணம் வளர்ந்த வரலாற்றைக் காண்போம். மத்திய சர்க்காரின் தொல்லியல் துறையினுடைய பாதுகாப்பில் நாடெங்கும் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. அவற்றுள் நுழைவுக்கட்டணம் வசூலிக்கப்படுபவை ஏறத்தாழ 140 மாத்திரமே. 1958ஆம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டமும் அடுத்த ஆண்டில் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் இக்கட்டணங்களுக்கு ஆதாரம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அயல்நாட்டாருக்கென்று டாலர்க் கணக்கில் தனிக் கட்டணம் புகுத்தப்பட்டு, பின்பு அது உலக மரபுச் சின்னங்களுக்கு 250 ரூபாயாகவும் ஏனையவற்றுக்கு 100 ரூபாயாகவும் நிலைபெற்றது. அக்காலத்தில் இந்தியர் செலுத்தியவை முறையே பத்தும் ஐந்தும். 2016 ஏப்ரலில் இவை 500, 200 என்றும், இந்தியருக்கு 30, 15 என்றும் உயர்ந்தன. 2018 ஆகஸ்டில் முதற்பிரிவுச் சின்னங்களுக்கு அயல்நாட்டார் 600 ரூபாயும் இந்தியர் 40 ரூபாயும், இரண்டாம் பிரிவுக்கு முறையே 300 ரூபாயும் 25 ரூபாயும் செலுத்தவேண்டுமென்று மறுபடியும் திருத்தப்பட்டது. மாமல்லபுரம் முதற்பிரிவைச் சேர்ந்தது. முதற்பிரிவில் இருபத்தைந்து மடங்காயிருந்த வேறுபாடு பதினைந்து மடங்காகக் குறைந்திருக்கிறதேயன்றி, வேறுபாட்டின் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படையை உற்று நோக்கினால், உள்ளூர்க் கட்டணத்தைப் பெறுவதற்கு மூன்று மார்க்கங்கள் வகுக்கப்பட்டிருப்பது தெரியவரும். முதலாவது, இந்தியப் பிரஜையாயிருத்தல். இரண்டாவது, சார்க், பிம்ஸ்டெக் ஆகிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த அண்டை நாடுகளின் பிரஜையாயிருத்தல். இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம் முதலிய நாடுகளோடு மியன்மாரும் தாய்லாந்தும் இதில் அடங்கும். மூன்றாவது, இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்த அயல்நாட்டாருக்கும் உரிய ஓ.சி.ஐ. அட்டை. இந்த அட்டை பெற்றவர்களுக்கு 2009 ஜனவரியில் வெளியான அறிவிப்பு, தேசியச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நுழைவுக்கட்டணத்தில் வெளிநாடு வாழ் இந்தியரோடு சமநிலை அளித்தது. 2021 மார்ச் 4ஆம் தேதிய அறிவிப்பு அதை இந்தியப் பிரஜைகளோடு சமநிலை என்றே உறுதிப்படுத்தியது. ஆகவே குடியுரிமையும், அண்டை நாட்டு உறவும், வம்சமும் மணவுறவும் வாயிலில் செல்லுபடியாகின்றன. இந்நாட்டில் வாழ்தல் என்னும் ஒன்றுக்கு மட்டும் கட்டணப் பலகையில் தனியாக ஒரு வரி எழுதப்படவில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பாங்காக்கிலிருந்து இரண்டு நாள் உல்லாசமாக வந்த தாய்லாந்துப் பிரயாணி மாமல்லபுரத்தில் நாற்பது ரூபாய் கொடுத்து உள்ளே செல்கிறார். தாத்தா காலத்தில் சேலத்தை விட்டுச் சென்ற குடும்பத்தில் கனடாவில் பிறந்து வளர்ந்து, இந்த மண்ணில் ஒரு மாதம்கூட வாழ்ந்தறியாத இளைஞர், ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டி அதே நாற்பது ரூபாயில் நுழைகிறார். முப்பது ஆண்டுகளாக மலைநாட்டுப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்து, தமிழில் பேசி, தமிழ்நாட்டிலேயே முதுமையடைந்த ஒரு ஜெர்மானிய ஆசிரியைக்குப் பலகையின் எழுத்து விதிப்பதோ அறுநூறு ரூபாய். முதல் இருவருக்கும் அளித்த சலுகையை நான் குறைகூறவில்லை. அண்டை நாட்டாரோடு நேசமும் புலம்பெயர்ந்தோரோடு பாசமும் ஒரு தேசத்துக்கு அழகு செய்வனவே. ஆனால் நேசத்துக்கும் பாசத்துக்கும் இடமளித்த சட்டம், கூடி வாழ்தலுக்கு இடமளிக்காமல் விடுவதற்கு நியாயம் என்ன என்று கேட்பது குற்றமாகாது.

இரட்டைக் கட்டணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் பிரதானமானவை மூன்று. நினைவுச்சின்னங்களின் பராமரிப்புச் செலவை வரிகொடுப்போர் ஏற்கெனவே சுமந்திருப்பதனால், அவர்களிடம் வாயிலில் மறுபடியும் பெருந்தொகை வாங்குவது தகாது என்பது முதற்காரணம். இது முற்றிலும் நேர்மையான வாதமே. ஆனால் வரிகொடுப்போர் யார்? 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், ஓர் ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்நாட்டில் தங்கியவர் என்ற கணக்கை முதன்மையாகக் கொண்டே ஒருவர் ‘வாசி’ என்று தீர்மானிக்கப்பட்டார். அவருடைய கடவுச்சீட்டின் நிறம் அக்கணக்கில் முக்கியமன்று. வரி வசூலிக்கும் சர்க்கார் ஒருவரை இந்நாட்டில் வாழ்பவரென்று கருதிப் பணம் பெற்றுக்கொண்டபின், அதே சர்க்காரின் மற்றொரு இலாகா அவரை நேற்று விமானத்தில் வந்திறங்கிய பிரயாணியாக எண்ணுவது பொருந்துமா? சரக்கு, சேவை வரியையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுதோறும் அரிசி முதல் செருப்பு வரை இங்கேயே வாங்கி வாழ்பவர் இந்நாட்டுப் பொக்கிஷத்துக்கு எவ்வளவு செலுத்துகிறார் என்பது விளங்கும். வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே வரிசெலுத்தி, விடுமுறைக்கு வரும் இந்தியப் பிரஜைக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டு என்பதை நினைவிற்கொண்டால், இம்முதற்காரணம் குடியுரிமையைக் காட்டிலும் வாசத்தையே அதிகமாக ஆதரிக்கிறது என்பது புலப்படும்.

இரண்டாவது காரணம், அயல்நாட்டாரின் வசதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சம்பாதிப்பவருக்கு அறுநூறு ரூபாய் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு என்பார்கள். வந்துபோகிற பிரயாணியின் மட்டில் இது உண்மையே. மேலும் அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ இச்சின்னங்களைக் காண்பவர். இங்கேயே வாழ்பவரின் நிலை வேறு. மதத்தொண்டு செய்வோரும், ஆசிரமங்களில் வசிப்போரும், மாணவரும், இந்நாட்டுப் பணத்தில் இந்நாட்டு விலைவாசிக்குள் குடும்பம் நடத்துகிறார்கள். அதோடு, வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் அழைத்துச் சென்று காட்டுகிறவர்களும், வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிச் செல்கிறவர்களும் அவர்களே. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறை கட்டணம் விதிப்பதில்லை. ஆதலால் நாற்பது பிள்ளைகளும் இலவசமாக உள்ளே போக, அவர்களுக்குப் பல்லவர் சிற்பத்தை விளக்கவந்த ஆசிரியை ஒருவரே அறுநூறு ரூபாய் கொடுக்கவேண்டியவராகிறார். இத்தகைய செலவு ஆண்டுக்குப் பலமுறை நேரும்போது, கட்டணம் கட்டணமாயிராமல் தடையாகிவிடுகிறது.

மூன்றாவது காரணம் உணர்ச்சியின்பாற்பட்டது. நம் முன்னோர் எழுப்பிய கோயில்களும் கோட்டைகளும் நமக்குரிய பிதுரார்ஜிதம். அவற்றை நாம் எளிதாகக் காண்பதும் அயலார் விலைகொடுத்துக் காண்பதும் இயற்கையே என்பது அது. இவ்வுணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் பிதுரார்ஜிதத்தின் மீது பாத்தியதை பிறப்பால் மட்டும் வருவதில்லை, பேணுதலாலும் வருகிறது. பல்லாவரத்துக் கல்லைக் குனிந்து எடுத்தவரும் பழமொழிகளைத் தேடித் திரட்டியவரும் இப்பேணுதலால் உரிமை பெற்றவர்கள். மரபைப் பேணுவோரின் எண்ணிக்கை பெருக வேண்டுமென்று விரும்புகிற சமூகம், தன்னிடையே வந்து வாழ்பவர்கள் அம்மரபை அடிக்கடி கண்டு பழகுவதற்கு வசதி செய்து கொடுப்பதே விவேகம்.

பிற நாடுகளின் அனுபவமும் இங்கே நமக்கு உதவும். தான்சானியாவின் தேசியப் பூங்காக்களில் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரஜைகள், அந்நாட்டில் வாழும் அயல்நாட்டார், வந்துபோகும் அயல்நாட்டார் என்று மூன்று வகுப்புகள் உண்டு. நடு வகுப்பினருக்கு நடுத்தரமான கட்டணம். கென்யாவும் வாசிகளைப் பிரயாணிகளிலிருந்து பிரித்தே கணக்கிடுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2018 மார்ச் முதல் பார்வையாளர்களிடம் நிர்ணயித்த கட்டணம் வாங்கத் தொடங்கியபோது, விரும்பியதைக் கொடுத்து நுழையும் பழைய வசதியை நியூயார்க் மாநிலத்தில் வாழ்வோருக்கும், அண்டையிலுள்ள இரு மாநிலங்களின் மாணவர்களுக்கும் மட்டும் தொடர்ந்து அளித்தது. அங்கே கேட்கப்படுவது முகவரிச் சான்று, குடியுரிமைச் சான்று அன்று. ஜப்பானின் ஹிமேஜிக் கோட்டை விஷயம் இன்னும் போதனை நிறைந்தது. அயல்நாட்டாரிடம் அதிகக் கட்டணம் வாங்கலாமென்ற யோசனை 2024இல் அந்நகர மேயரால் வெளியிடப்பட்டு, விவாதத்துக்குட்பட்டு, முடிவில் ஹிமேஜி நகரவாசிகளுக்கு 1,000 யென், ஏனையோருக்கு, அவர் ஜப்பானியராயினும் சரி, 2,500 யென் என்ற உருவத்தில் 2026 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்தது. தேசத்தை வைத்துப் பிரிக்க எண்ணியவர்கள், யோசித்துப் பார்த்தபின் வாசத்தை வைத்துப் பிரிப்பதே நியாயமென்று கண்டார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டென்பதை மறைக்கலாகாது. ஸ்பெயின் தன் பிரஜைகளுக்கும், தன் எல்லைக்குள் வாழும் அயல்நாட்டாருக்கும் அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி அளித்து, பிற ஐரோப்பியப் பிரயாணிகளிடம் கட்டணம் வாங்கியபோது, 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதமென்று தீர்ப்பளித்தது. 2003இல் இத்தாலியின் முதியோர் சலுகைக்கும் அதே கதி நேர்ந்தது. ஆயினும் அத்தீர்ப்புகள் ஓர் ஒன்றியத்துக்குள் ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்ட நாடுகளுக்கு உரியவை. நம் நாட்டை அவை கட்டுப்படுத்துவதில்லை. நான் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே: அந்த ஸ்பெயின் தேசமும் வேறுபாடு பாராட்டியபோது தன்னிடம் வாழ்வோரைத் தன் மக்களோடுதான் வைத்தது.

நம் மக்கள் அயல்நாட்டில் பெறுகின்ற மரியாதையையும் எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கிற இளைஞர் பலர். 2012இல் திறக்கப்பட்ட ‘கார்டன்ஸ் பை தி பே’ பூங்காவின் கண்ணாடி மாளிகைகளுக்கு உள்ளூர்வாசிகளுக்கென்று குறைந்த கட்டணம் உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமின்றி, வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிற தொழிலாளரும் அக்கட்டணத்துக்கு உரியவர்களே. அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகங்களில் 2013 முதல் அளிக்கப்படும் இலவச அனுமதி குடிமக்களோடும் நிரந்தரவாசிகளோடும் நின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான். எனினும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அப்பூங்காவுக்குச் செல்லும் ஒரு சேலத்துத் தொழிலாளி, தன் அட்டையைக் காட்டி உள்ளூர்க்காரராக உள்ளே செல்கிறார். நம் பிள்ளைகளுக்கு வெளியூரில் கிடைக்கின்ற இந்த உரிமையை, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நாம் இங்கே எழுத்தில் அளிப்பது கைம்மாறும் ஆகும், கௌரவமும் ஆகும்.

எழுத்தில் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வசிப்பு அனுமதியைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்தில் நுழைந்தவர்களும் உண்டு. அதே அனுமதியைக் காட்டி மறுக்கப்பட்டவர்களும் உண்டு. டிக்கெட் கொடுப்பவரின் தயவையோ அன்றைய மனநிலையையோ பொறுத்து ஒருவரின் உரிமை அமைவது இருதரப்பாருக்கும் சங்கடம். ஆதாரத்தை நம்பாமல் முகத்தை நம்புகின்ற பழக்கமும் இதனால் வளர்கிறது. வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த நம் சொந்தப் பிரஜைகள், முகச்சாயலை வைத்து அயல்நாட்டாரென்று ஐயுறப்பட்டு, சின்னங்களின் வாயிலில் அடையாளம் கேட்கப்பட்டு மனம் புண்பட்ட செய்திகள் வந்திருக்கின்றன. தெளிவில்லாத விதி அயலாரை மட்டுமின்றி நம்மவரையும் வருத்துகிறது.

இனி ஆட்சேபங்கள். உத்தியோக விசாவில் வருபவருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஊதியம் இருக்கவேண்டுமென்பது விதியாயிருந்து வந்திருக்கிறது. அத்தகையோருக்குச் சலுகை எதற்கு என்று கேட்கலாம். அதைவிடப் பலமடங்கு சம்பாதிக்கும் இந்தியரும் நாற்பது ரூபாயே கொடுக்கிறார்; வருமானத்தைக் கேளாத பலகை, ஒரு வகுப்பாரிடம் மட்டும் அதைக் கேட்பது முறையன்று. வேண்டுமென்றால் பிரஜை ஆகிவிடட்டுமே என்பாரும் உளர். அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறந்த நாட்டின் உறவை முற்றிலும் துறந்து, மொத்தத்தில் பன்னிரண்டு ஆண்டு வாசத்தைக் காட்டி விண்ணப்பித்தபின்னும், முடிவு வருவதற்கு நெடுங்காலமாகலாம். 1945இல் இந்தியா வந்து, எளிய செங்கல் வீடுகளால் கேரளத்தின் கட்டடக் கலையையே மாற்றிய லாரி பேக்கருக்கு 1980களின் இறுதியில்தான் குடியுரிமை கிடைத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அவர் இந்நாட்டுக்கு அந்நியராயிருந்தார் என்று எவர் சொல்லத் துணிவார்?

மோசடிக்கு இடமாகுமென்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. நீண்டகால விசாவில் வருவோர் பெரும்பாலும் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் தம்மைப் பதிந்துகொள்கிறார்கள். ஏற்காட்டைப் போன்ற ஊர்களில் வசிப்போருக்கு அந்த அலுவலகம் மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளரிடம் அமைந்திருக்கிறது. அப்பதிவின் சான்று, எவரும் எளிதில் சரிபார்க்கத்தக்க ஆதாரம். சர்க்கார் தானே கொடுத்த சான்றைத் தானே ஏற்றுக்கொள்வதில் என்ன சிரமம் இருக்கமுடியும்?

இவ்விஷயத்தில் மறக்கக்கூடாத இன்னொரு கூட்டத்தாரும் உளர். 1983க்குப் பின் கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து, இங்கேயே மக்களைப் பெற்ற ஈழத்தமிழர்கள், சட்டத்தின் கண்ணில் இன்னும் அயல்நாட்டாரே. சார்க் சலுகை கடவுச்சீட்டைக் கொண்டு நிரூபிக்கவேண்டியது. அவர்களிற் பலரிடம் கடவுச்சீட்டே இல்லை. வாசத்தை ஆதாரமாகக் கொள்ளும் விதி அமைந்தால், மறுவாழ்வு முகாமின் அடையாள அட்டையே அவர்களுக்குப் போதுமானதாகும். ஐரோப்பிய ஆசிரியைக்காகத் தொடங்கிய வாதம், முகாமிலே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞருக்கும் அதே வலிமையோடு பொருந்துவது, அவ்வாதத்தின் அடிப்படை செம்மையானது என்பதற்குச் சான்று.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. மத்தியத் தொல்லியல் துறை தன் கட்டண அறிவிப்பில் ‘இந்தியாவில் பதிவுபெற்று வாழும் அயல்நாட்டார்’ என்ற வரியை இந்தியரின் வரிக்கு அடுத்துச் சேர்த்து, ஏற்கத்தக்க சான்றுகள் இன்னவை என்று விளக்கி, வாயிலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். தமிழ்நாடு சர்க்கார் தன் அருங்காட்சியகங்களில் இதை உடனே பின்பற்றலாம். எழும்பூர் அதற்குத் தகுந்த தொடக்கம். முழுச் சமநிலைக்கு மனம் ஒப்பாதவர்கள், தான்சானியாவைப் போல நடுத்தரக் கட்டணமொன்றையாவது வகுக்கலாம். வருமானத்தில் இதனால் நேரும் குறைவு அற்பமே. ஏனெனில் அயல்நாட்டார் கட்டணத்தில் பெரும்பங்கு வந்துபோகும் பிரயாணிகளால் வருவது, வாழ்வோரால் வருவதன்று. பிரயாணியிடம் அதிகம் வாங்குவதற்கு ஒரு தேசத்துக்கு உரிமையுண்டு. அந்த உரிமையைச் செலுத்தும்போது, பிரயாணி யார், உடன்வாழ்பவர் யார் என்று பிரித்தறியும் கடமையும் அதற்கு உண்டு.